யார் எழுதும் கடிதம் எடுபடும்?

(சென்னையில் பெற்றோரும் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செப்டம்பர் பிறந்துவிட்டால், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், எங்க ஆபீஸ் டைரக்டர் கார்னெல்ல படிச்சவர். அவர்கிட்ட ஒரு ரெகமண்டேஷன் லெட்டர் வாங்கி அனுப்பினா பொண்ணுக்கு சீட் கிடைக்க உதவுமா?" சிலர் கார்னெல் என்பார்கள், சிலர் ஸ்டான்ஃபோர்டு என்பார்கள். சிலருக்கு அலுவலக மேலதிகாரி, சிலருக்கு எதிர்வீட்டுக்காரரின் மருமகன். அமெரிக்காவில் நூறு பேர் விண்ணப்பித்தால் நான்கைந்து பேரையோ பத்துப் பேரையோ மட்டும் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகள் சில இருக்கின்றன. அங்கே படித்து முடித்த ஒருவர் எழுதித் தரும் பரிந்துரைக் கடிதத்துக்கு ஏதாவது மதிப்பு உண்டா என்பதுதான் எல்லாருடைய கேள்வியும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளையை அருகிலிருந்து பார்த்திராத பழைய மாணவர் எழுதும் கடிதம் உதவாது. ஆனால் இப்படி ஒரே வரியில் சொன்னால் பெற்றோர் நம்புவதில்லை. "அங்கேயும் சிபாரிசு நடக்கத்தானே செய்யுது" என்கிறார்கள். நடக்கிறது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. எந்தச் சிபாரிசு நடக்கிறது, யாருக்காக நடக்கிறது, நீங்கள் வாங்க நினைக்கும் கடிதம் அந்த வகையில் சேருமா என்பதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். அதோடு, இந்தக் கேள்விக்குப் பின்னால் இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அது இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர்களைப் பற்றியது.

முதலில் விண்ணப்பம் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். அமெரிக்கக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள் பெரும்பாலும் 'காமன் ஆப்' என்னும் பொது விண்ணப்பத்தைப் பயன்படுத்துகிறார்கள். 1975இல் 15 தனியார் கல்லூரிகள் சேர்ந்து தொடங்கிய ஏற்பாடு அது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதில் இருக்கின்றன. கடிதம் எழுதுவோருக்கு அதில் இடங்கள் வகுத்து வைத்திருக்கிறார்கள். பள்ளியின் சார்பில் எழுதும் கவுன்சலர் ஒருவர். வகுப்பில் பாடம் நடத்திய ஆசிரியர் ஒருவரோ இருவரோ. அதற்கும் மேல் 'மற்றப் பரிந்துரையாளர்' என்று ஓர் இடம். விளையாட்டுப் பயிற்சியாளர், பகுதிநேர வேலை கொடுத்தவர், இசை கற்றுக்கொடுத்தவர் போன்றவர்களுக்கு அது. அந்த இடத்தில் எத்தனை பேரை அனுமதிப்பது என்பதை ஒவ்வொரு கல்லூரியும் தானே முடிவு செய்கிறது. ஒருவரையும் அனுமதிக்காத கல்லூரிகளும் உண்டு. பழைய மாணவருக்கென்று தனி இடம் கிடையாது.

இன்னொரு சான்றை நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலான கல்லூரிகள் 'காமன் டேட்டா செட்' என்னும் அறிக்கையை ஆண்டுதோறும் தங்கள் இணையதளத்தில் வெளியிடுகின்றன. அதில் சி7 என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். எடுத்த பாடங்களின் கடினம், மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம், நேர்காணல், குணநலன் என்று ஒரு பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நேரே, இது எங்களுக்கு மிக முக்கியம், முக்கியம், கவனிப்போம், கவனிப்பதில்லை என்று கல்லூரி குறித்திருக்கும். 'பழைய மாணவர் உறவு' என்று ஒரு வரி அந்தப் பட்டியலில் உண்டு. பிள்ளையின் தாயோ தந்தையோ அங்கே படித்தவரா என்பதைப் பற்றியது அது. எம்.ஐ.டி. அந்த உறவைக்கூடக் கவனிப்பதில்லை என்று குறித்திருக்கிறது. பழைய மாணவரின் கடிதம் என்ற வரி பட்டியலிலேயே இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு, கோப்புகளைப் படிப்பவரின் மேசையைப் பார்க்க வேண்டும். ஹார்வர்டின் சேர்க்கை முறையை எதிர்த்து 2014இல் ஒரு வழக்கு தொடுக்கப்பட்டது. 2018இல் பாஸ்டன் நீதிமன்றத்தில் விசாரணை நடந்தபோது, அதுவரை பூட்டி வைத்திருந்த பல விவரங்கள் வெளியே வந்தன. 2019இல் பட்டம் பெற வேண்டிய அணிக்கு அமெரிக்காவுக்குள்ளிருந்து மட்டும் ஏறத்தாழ 26,000 பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் எஸ்.ஏ.டி. தேர்வின் கணிதப் பகுதியில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள் சுமார் 3,500 பேர். மொழிப் பகுதியில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள் சுமார் 2,700 பேர். பள்ளி மதிப்பெண் சராசரியில் குறையே இல்லாதவர்கள் 8,000க்கும் மேல். இருந்த இடங்களோ ஏறத்தாழ 1,600. இவ்வளவு நெருக்கடியில் ஒரு கோப்புக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். மதிப்பெண் ஏற்கெனவே கண் முன்னால் இருக்கிறது. மதிப்பெண்ணில் தெரியாத ஒன்றைச் சொல்வதாக இருந்தால்தான் கடிதத்தைப் படிப்பவர் நின்று படிப்பார்.

பழைய மாணவர் கடிதங்கள் பெரும்பாலும் எப்படி இருக்கின்றன? "இவருடைய தந்தையைப் பன்னிரண்டு ஆண்டுகளாக அறிவேன். ஒழுக்கமான குடும்பம். பிள்ளை புத்திசாலி, கடின உழைப்பாளி. நான் படித்த கல்லூரிக்கு இவர் பெருமை சேர்ப்பார் என்று உறுதியாக நம்புகிறேன்." இதில் பிள்ளையைப் பற்றி என்ன இருக்கிறது? தந்தையைப் பற்றி இருக்கிறது, எழுதியவருக்குக் கல்லூரி மேல் உள்ள பாசம் இருக்கிறது. அந்தப் பிள்ளை ஒரு கணக்கு வராதபோது என்ன செய்வாள், தோற்ற மறுநாள் எப்படி இருப்பாள், தனக்குக் கீழே இருப்பவர்களிடம் எப்படி நடந்துகொள்வாள் என்று ஒரு வரி கிடையாது. பரிந்துரை கூடக் கூடப் பிள்ளைமேல் சந்தேகம் கூடும் என்பது சேர்க்கை அலுவலர்களிடையே நெடுங்காலமாக வழங்கும் கருத்து. கூடுதல் கடிதம் வேண்டாம் என்று கல்லூரி எழுதியிருக்கும்போது அதை மீறி அனுப்பினால், சொன்னதைப் படிக்காதவர் என்ற பெயரும் சேர்ந்துகொள்ளும்.

இதை ஒரு சேர்க்கை அலுவலரே எழுதியிருக்கிறார். டார்ட்மத் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்தில் பணியாற்றிய ரெபெக்கா சாப்கி 2017இல் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை வெளியிட்டார். முன்னாள் அதிபர்கள், திரைப் பிரபலங்கள், அறங்காவலர்களின் உறவினர்கள், ஒலிம்பிக் வீரர்கள் எனப் பலரிடமிருந்தும் அங்கே கடிதங்கள் வந்து குவியும். பெரும்பாலும் அவை பிள்ளையைப் பற்றிப் புதிதாக எதுவும் சொல்வதில்லை என்கிறார் அவர். ஆனால் ஒரு கடிதம் அவரை நிறுத்தியது. எழுதியவர், அந்த மாணவர் படித்த பள்ளியின் துப்புரவுப் பணியாளர். ஆளில்லாத வகுப்பறைகளில் எரியும் விளக்குகளை அணைத்துவிட்டுப் போகிறவன், யாரும் கவனிக்காதபோதும் இடத்தைச் சுத்தமாக வைப்பவன், பணியாளர்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைப்பவன் என்று அவர் எழுதியிருந்தார். பதினைந்து ஆண்டுகளில் 30,000 விண்ணப்பங்களைப் படித்திருந்த சாப்கி, அப்படி ஒருவரிடமிருந்து வந்த கடிதத்தை அதுவரை பார்த்ததில்லை. குழு ஒருமனதாக அந்த மாணவரைச் சேர்த்துக்கொண்டது.

இந்தச் செய்தியைக் கேட்டதும் பள்ளிப் பணியாளரைத் தேடிப் போய்விட வேண்டாம். அந்தக் கடிதம் வென்றதற்குக் காரணம், எழுதியவர் அந்த மாணவரைத் தினமும் பார்த்தவர். அவ்வளவுதான். டார்ட்மத் இன்னொன்றும் செய்கிறது. விண்ணப்பிப்பவரின் நண்பர் ஒருவரிடமிருந்து கடிதம் அனுப்பச் சொல்லி ஊக்கப்படுத்துகிறது. பதினேழு வயதுத் தோழி எழுதும் ஒரு பக்கத்துக்கு அங்கே கேட்டு வாங்கும் மதிப்பு இருக்கிறது. பெரிய நிறுவனத்தின் தலைவர் எழுதும் கடிதத்தை யாரும் கேட்கவில்லை.

அப்படியானால் பழைய மாணவரிடம் கடிதம் வாங்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? இதில் ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. சமூகவியலாளர் ஜெரோம் காரபெல் 2005இல் வெளியிட்ட நூலில் அதை விரிவாகச் சொல்லியிருக்கிறார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆகிய மூன்றும் பெரும்பாலும் நுழைவுத் தேர்வை வைத்தே மாணவர்களைச் சேர்த்தன. தேர்வில் தேறியவருக்கு இடம் உண்டு. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் அந்தத் தேர்வுகளில் நன்றாகத் தேறினார்கள். 1922 வாக்கில் ஹார்வர்டின் முதலாண்டு மாணவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் யூதர்கள். தலைவராக இருந்த ஏ. லாரன்ஸ் லோவெல்லுக்கு அது பிடிக்கவில்லை. வெளிப்படையாக ஓர் உச்சவரம்பு வைக்க முயன்றார்; எதிர்ப்பு கிளம்பியது. பிறகு வேறு வழி கண்டுபிடித்தார்கள். குணநலன் பார்க்கிறோம் என்றார்கள். அதற்காகப் பரிந்துரைக் கடிதம், நேர்காணல், புகைப்படம் எல்லாம் விண்ணப்பத்தோடு வந்து சேர்ந்தன. டார்ட்மத் அதே 1920களின் தொடக்கத்தில் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தரும் தேர்வு முறையைக் கொண்டுவந்தது.

தேர்வில் தேறிய பிள்ளையை வெளியே நிறுத்துவதற்காகக் கண்டுபிடித்த கருவிகளில் ஒன்றுதான் பரிந்துரைக் கடிதம். இதை நாம் மறந்துவிடக் கூடாது. தேர்வுத்தாளைத் திருத்துகிறவருக்கு எழுதியவன் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாது. கடிதத்தைப் படிக்கிறவருக்குத் தெரிந்துவிடுகிறது.

அந்த முறை யாருக்கு வழிவிட்டது என்றும் பாருங்கள். பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் கென்னடி 1935இல் ஹார்வர்டுக்கு அனுப்பிய விண்ணப்பம் பாஸ்டனில் அவர் பெயரிலுள்ள நூலகத்தில் இருக்கிறது. ஏன் ஹார்வர்டுக்கு வர விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு அவர் எழுதிய விடை சில வரிகள்தான். தந்தை படித்த கல்லூரியில் படிக்க வேண்டும் என்பதும் அதில் ஒரு காரணம். தந்தை ஜோசஃப் கென்னடி 1912இல் அங்கே பட்டம் பெற்றவர், பெரும் செல்வந்தர். பள்ளியில் மகனின் மதிப்பெண்கள் நடுத்தரமானவை. இடம் கிடைத்தது. அன்றைக்கு அதை யாரும் விந்தையாகக் கருதவில்லை.

இனி, சிபாரிசு உண்மையிலேயே எடுபட்ட இடங்களுக்கு வருகிறேன். பெற்றோரின் சந்தேகத்துக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமல்லவா?

2009இல் சிகாகோ ட்ரிப்யூன் இதழ் ஒரு ரகசியப் பட்டியலை வெளிக்கொணர்ந்தது. இலினாய் பல்கலைக்கழகத்தில் 'முதல் வகை' என்ற தலைப்பில் அது பராமரிக்கப்பட்டு வந்தது. சட்டமன்ற உறுப்பினர்களும் ஆட்சிக்குழு உறுப்பினர்களும் பரிந்துரைத்த மாணவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 800 பேர். விசாரணை நடந்தது. பல்கலைக்கழகத் தலைவரும் வளாகத்தின் வேந்தரும் பதவி விலகினார்கள். ஆட்சிக்குழு உறுப்பினர்களில் பெரும்பாலோர் வெளியேறினார்கள். 2015இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தைப் பற்றி இன்னொரு விசாரணை அறிக்கை வந்தது. செல்வாக்குள்ளவர்கள் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதாமல் நேரே தலைவரின் அலுவலகத்துக்கு எழுதினார்கள். மதிப்பெண் சராசரியும் எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணும் மிகக் குறைவாக இருந்த 73 பேர் ஆறு ஆண்டுகளில் சேர்க்கப்பட்டிருந்தது தெரியவந்தது. 2020 செப்டம்பரில் கலிபோர்னியா மாநிலத் தணிக்கையாளர் வெளியிட்ட அறிக்கை, அந்த மாநிலப் பல்கலைக்கழகத்தின் நான்கு வளாகங்களில் 64 பேர் முறைகேடாகச் சேர்க்கப்பட்டதைக் காட்டியது. அவற்றில் ஒன்றான பெர்க்லியில் காத்திருப்புப் பட்டியலில் இருந்த ஒரு மாணவருக்காக, ஆட்சிக்குழு உறுப்பினர் ஒருவர் வளாகத்தின் வேந்தருக்கே கடிதம் எழுதியிருந்தார். அந்த மாணவருக்கு இடம் கிடைத்தது.

இந்த மூன்றிலும் கடிதம் வேலை செய்தது. ஆனால் எழுதியவர்கள் யார்? பல்கலைக்கழகத்தின் வரவு செலவில் கை வைக்கக்கூடியவர்கள், தலைவரை நியமிப்பவர்கள், நீக்குபவர்கள். அவர்கள் எழுதியதில் இருந்தது அறிமுகம் அல்ல, அதிகாரம். கடிதம் இல்லாமல் தொலைபேசியில் சொல்லியிருந்தாலும் நடந்திருக்கும்.

தனியார் கல்லூரிகளில் அதிகாரத்தின் இடத்தில் பணம் இருக்கிறது. ஹார்வர்ட் வழக்கில் 'டீனின் பட்டியல்' என்ற ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது. பெரும் நன்கொடையாளர்களோடும் கல்லூரிக்கு வேண்டியவர்களோடும் தொடர்புடைய பிள்ளைகளின் பெயர்கள் அதில் இருந்தன. அந்தப் பட்டியலில் இருந்தவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோருக்கு இடம் கிடைத்தது. ஹார்வர்டின் கென்னடி பள்ளியின் டீன், கட்டடத்துக்கு நிதி தர ஒப்புக்கொண்ட ஒருவர் தொடர்பான சேர்க்கைக்காக மகிழ்ச்சியோடு நன்றி சொல்லி எழுதிய மின்னஞ்சலும் நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டது. உங்கள் அலுவலக டைரக்டர் ஆண்டுதோறும் நூறு டாலர் நன்கொடை அனுப்பும் பழைய மாணவராக இருப்பார். அவருடைய பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

உறவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் கடிதத்தையும் உறவையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். பெற்றோர் படித்த கல்லூரியில் பிள்ளைக்கு முன்னுரிமை தருவதை அங்கே லெகசி என்கிறார்கள். அது உண்மையிலேயே பெரிய சலுகை. அதே ஹார்வர்ட் வழக்கின் ஆவணங்களின்படி, ஆறு ஆண்டுக் கணக்கில் லெகசி பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இடம் கிடைத்தது. மற்றவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு. வழக்குத் தொடுத்தவர்களின் தரப்பில் நிபுணராக இருந்த டியூக் பல்கலைக்கழகப் பொருளியலாளர் பீட்டர் ஆர்சிடியாகோனோவும் அவருடன் இருவரும் 2019இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஹார்வர்டில் இடம் பெற்ற வெள்ளை மாணவர்களில் 43 சதவீதம் பேர் விளையாட்டு வீரர்கள், லெகசி, டீனின் பட்டியல், ஊழியர் பிள்ளைகள் ஆகிய நான்கு வகையில் ஏதோ ஒன்றைச் சேர்ந்தவர்கள். அந்தச் சலுகை இல்லாவிட்டால் அவர்களில் நான்கில் மூன்று பேருக்கு இடம் கிடைத்திருக்காது என்பது அவர்கள் கணக்கு.

ஆனால் அந்தச் சலுகை பெரும்பாலும் தாயோ தந்தையோ படித்திருந்தால்தான். ஆய்வாளர் மைக்கேல் ஹர்விட்ஸ் 2011இல் வெளியிட்ட ஆய்வில் முன்னணிக் கல்லூரிகள் முப்பதை எடுத்துக்கொண்டார். பெற்றோர் அங்கே இளநிலைப் பட்டம் பெற்றிருந்தால் இடம் கிடைக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதப் புள்ளி உயர்ந்தது. அண்ணன், அக்கா, தாத்தா, மாமா, அத்தை படித்திருந்தால் அந்த உயர்வு 14 புள்ளிக்கும் குறைவு. மாமாவுக்கே அவ்வளவுதான் என்றால், மாமாவின் நண்பருக்கு என்ன இருக்கும்?

இந்தச் சலுகை நியாயமற்றது என்பது என் உறுதியான கருத்து. நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை என்பதால் அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் இரண்டாம் தலைமுறைக்கு அது இப்போது கிடைக்கத் தொடங்கியிருக்கிறது. அவர்களுக்குக் கிடைத்தாலும் நியாயமற்றதுதான். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 2014இல் அதைக் கைவிட்டது. ஆம்ஹர்ஸ்ட் 2021இல் கைவிட்டது. கலிபோர்னியா 2024இல் சட்டம் போட்டுத் தனியார் கல்லூரிகளிலும் தடை செய்தது. காற்று அந்தப் பக்கம் வீசுகிறது.

பழைய மாணவர் நேர்காணல் என்று ஒன்று இருப்பதையும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கல்லூரியே தன் பழைய மாணவர் ஒருவரை நியமித்து, விண்ணப்பித்த பிள்ளையோடு பேசி அறிக்கை அனுப்பச் சொல்லும். சென்னையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அது நடக்கிறது. அந்த அறிக்கையை வேண்டுமானால் பழைய மாணவரின் கடிதம் என்று சொல்லலாம். அதை நீங்கள் ஏற்பாடு செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

இந்த நேர்காணலைப் பற்றி ஹார்வர்ட் வழக்கில் வெளிவந்த ஒரு விவரத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். விண்ணப்பித்தவரின் ஆளுமைக்கென்று அங்கே ஒரு மதிப்பெண் உண்டு. நேரில் சந்தித்துப் பேசிய பழைய மாணவர்கள், ஆசிய அமெரிக்கப் பிள்ளைகளுக்கு வெள்ளைப் பிள்ளைகளுக்கு நிகரான ஆளுமை மதிப்பெண்ணே கொடுத்திருந்தார்கள். அலுவலகத்தில் கோப்பைப் படித்தவர்கள், பெரும்பாலும் அந்தப் பிள்ளைகளைச் சந்திக்காதவர்கள், குறைவாகக் கொடுத்திருந்தார்கள். இது ஏன் என்று நீதிமன்றம் ஆராய்ந்தது. நீதிபதி அலிசன் பரோஸ் 2019இல் ஹார்வர்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பில் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, பள்ளி ஆசிரியர்களும் கவுன்சலர்களும் எழுதும் கடிதங்களிலேயே வேறுபாடு இருந்திருக்கலாம் என்பது. வழக்கு மேலே போய், 2023 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் இன அடிப்படையிலான சேர்க்கையை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பைப் பற்றித்தான் உலகம் பேசியது. ஆசிரியர் கடிதத்தைப் பற்றிய அந்தக் குறிப்பை யாரும் பேசவில்லை.

நான் இன்று பேச வந்ததன் மையம் அதுதான். எடுபடும் கடிதம் எது என்று கேட்டால், வகுப்பாசிரியரின் கடிதம். அதில்தான் அநீதியும் ஒளிந்திருக்கிறது. ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃபிரீட்மன் என்னும் மூன்று பொருளியலாளர்கள் அமெரிக்காவின் மிக முன்னணியான 12 கல்லூரிகளை ஆராய்ந்து 2023இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே அளவு தேர்வு மதிப்பெண் உள்ள பிள்ளைகளை ஒப்பிட்டால், மிகப் பணக்கார ஒரு சதவீதக் குடும்பத்துப் பிள்ளை அங்கே போய்ச் சேரும் வாய்ப்பு, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட இரண்டு மடங்குக்கும் மேல். லெகசி ஒரு காரணம், விளையாட்டு ஒரு காரணம். மூன்றாவது, படிப்பு அல்லாத தகுதிகளுக்குப் போடும் மதிப்பெண். தனியார் உயர்நிலைப் பள்ளிகளிலிருந்து வரும் பரிந்துரைக் கடிதங்களுக்கு அதில் பங்கு இருக்கிறது.

அது எப்படி நடக்கிறது? கட்டணம் அதிகமான பள்ளியில் ஒரு கவுன்சலருக்குச் சில பத்துப் பிள்ளைகள். அவர்களை நான்கு ஆண்டு பார்த்து, பேசி, குறிப்பெடுத்து எழுதுகிறார். அரசுப் பள்ளியில் நிலைமை வேறு. ஒரு கவுன்சலருக்கு 250 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்று அமெரிக்கப் பள்ளிக் கவுன்சலர் சங்கம் சொல்கிறது. நாட்டின் சராசரி அதைவிட வெகு அதிகம். நானூறு பிள்ளைகளைப் பார்ப்பவர் நானூறு கடிதங்களில் என்ன எழுத முடியும்?

இதற்காகக் கடிதமே வேண்டாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பெர்க்லி வளாகத்தில் அந்த விவாதம் கடுமையாக நடந்தது. விண்ணப்பித்தவர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும் பரிந்துரைக் கடிதம் கேட்டு அங்கே சோதித்தார்கள். ஏழைப் பள்ளிகளின் பிள்ளைகளுக்கு நல்ல கடிதம் கிடைக்காது, அவர்கள் பின்தங்குவார்கள் என்று பலர் அஞ்சினார்கள். பொருளியலாளர் ஜெஸ்ஸி ராத்ஸ்டீன் முடிவுகளை ஆராய்ந்தார். பல்கலைக்கழகத்தில் குறைவாக இடம்பெற்றிருந்த பிரிவினரின் வாய்ப்பு கடிதத்தால் குறையவில்லை, சற்று உயர்ந்தது. ஆசிரியர் பிள்ளையை அறிந்து எழுதினால், பெரிய பள்ளியின் பெயர் இல்லாத பிள்ளையையும் அந்தக் கடிதம் மேலே கொண்டுவரும் என்பதற்கு எனக்கு அது போதுமான சான்று.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் கல்லூரிச் சேர்க்கையில் தனிமனிதரின் கருத்துக்கு இடம் கொடுத்துச் சூடுபட்டிருக்கிறோம். 1970-71இல் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கு நேர்காணலுக்கு 75 மதிப்பெண் வைத்திருந்தார்கள். பாடத்தில் அதிகம் வாங்கியவர்களில் பலர் நேர்காணலில் குறைந்தார்கள். பாடத்தில் குறைந்தவர்கள் நேர்காணலில் உயர்ந்தார்கள். அதை எதிர்த்துத் தொடுத்த பெரியகருப்பன் வழக்கில் 1970இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வை ஏற்கவில்லை. அதன் பிறகு நாம் கட்-ஆஃப், கலந்தாய்வு, ஒற்றைச் சாளரம் என்ற பாதையில் வந்தோம். கிராமத்துப் பிள்ளை யாருடைய கடிதமும் இல்லாமல் பொறியியல் படிக்கப் போனது அந்தப் பாதையில்தான். அதைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் அதன் விளைவாக, நம் ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதும் பழக்கமே ஏற்படவில்லை. எழுத வேண்டிய தேவை வரவில்லை. பிள்ளை வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்க வந்து நிற்கும்போது, "நீயே எழுதி எடுத்துக்கிட்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்று சொல்லிவிடுகிறோம். பள்ளியில் மட்டும் இல்லை, எம்.எஸ். படிக்கப் போகிறவர்களுக்குப் பொறியியல் கல்லூரிகளிலும் இதுவே வழக்கமாகிவிட்டது. எல்.ஓ.ஆர். என்ற பெயரில் பரிந்துரைக் கடிதத்தைத் தட்டச்சு செய்து விற்கும் கடைகள்கூட உண்டு. வசதியான வீட்டுப் பிள்ளை ஆலோசனை நிறுவனத்துக்குப் பணம் கட்டி மெருகேற்றிய கடிதத்தோடு வருகிறான். வசதியில்லாத பிள்ளை இணையத்தில் கிடைத்ததைப் பார்த்து எழுதுகிறாள். பிள்ளையே எழுதினால் தன்னைப் பற்றிப் பொதுவான புகழ்ச்சியைத்தான் எழுத முடியும். அந்தக் கடிதம் நேர்மையானதும் இல்லை, பயனுள்ளதும் இல்லை. கண்டுபிடிக்கப்பட்டால் விண்ணப்பமே தள்ளுபடியாகலாம்.

பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வது இது. பழைய மாணவரைத் தேடி அலையும் நேரத்தைப் பிள்ளையின் ஆசிரியரோடு பேசச் செலவிடுங்கள். உங்கள் பிள்ளை விடுமுறையில் ஓர் ஆய்வகத்திலோ அமைப்பிலோ வேலை செய்து, அங்கே அவளை மேற்பார்வையிட்டவர் தற்செயலாக அந்தக் கல்லூரியின் பழைய மாணவராகவும் இருந்தால், தாராளமாகக் கடிதம் கேளுங்கள். அவர் வேலையைப் பார்த்தவர் என்பதற்காகக் கேளுங்கள். விண்ணப்பத்தில் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒரு கட்டம் வரும். 1974இல் வந்த அமெரிக்கச் சட்டம் தரும் உரிமை அது. அதை விட்டுக்கொடுங்கள். ஆசிரியர் மனம் திறந்து எழுதியிருக்கிறார் என்று கல்லூரி அப்போதுதான் நம்பும்.

அந்தக் கல்லூரிகளில் படித்துவிட்டு இங்கே வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளையை அறியாமல் கடிதம் கேட்டால் முடியாது என்று சொல்லுங்கள். உதவ விரும்பினால், இதுவரை யாரும் அங்கே போகாத ஒரு பள்ளிக்குப் போய், விண்ணப்பம் எப்படி நிரப்புவது, நிதியுதவி எப்படிக் கேட்பது என்று ஒரு மாலை சொல்லிக்கொடுங்கள். உங்கள் கையெழுத்தைவிட அது ஆயிரம் மடங்கு பயன் தரும்.

ஆசிரியர்களே, உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன். பதினொன்றாம் வகுப்பிலிருந்தே ஒரு குறிப்பேடு வையுங்கள். எந்தப் பிள்ளை எந்தக் கேள்வி கேட்டாள், யாருக்குச் சொல்லிக்கொடுத்தாள், எதில் தோற்று எப்படி மீண்டாள் என்று தேதி போட்டு எழுதுங்கள். கடிதம் எழுதும் நாளில் சிறந்த மாணவி என்று எழுதாமல், அந்தக் குறிப்பேட்டில் இருக்கும் ஒரு நிகழ்ச்சியை எழுதுங்கள். அப்பா இல்லாத வீடு, மாலையில் கடையில் வேலை, தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்று அவள் தானாகச் சொல்லத் தயங்குவதை, அவள் அனுமதியோடு நீங்கள் சொல்லுங்கள். ஆங்கிலம் தடையென்றால் தமிழில் எழுதுங்கள். மொழிபெயர்ப்போடு வரும் கடிதத்தை ஏற்கும் கல்லூரிகள் பல இருக்கின்றன. கடிதம் கேட்டு வரும் பிள்ளையை, அதிலும் தன் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகப்போகும் பிள்ளையை, நீயே எழுதி வா என்று திருப்பி அனுப்பாதீர்கள். உட்கார வைத்து அரை மணி நேரம் பேசுங்கள். பிறகு உங்கள் கையால் எழுதுங்கள்.